பட்டாளத்துக் காசுக்கு என்ன விலை?

கேள்வி: சித்தூரில் பழைய காசு, ஸ்டாம்ப் விற்கும் கடையில் அமெரிக்க இராணுவத்தின் ‘சேலஞ்ச் காயின்’ என்று ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் கத்தியும் மின்னலும். அகலம் 40 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர். சுத்த வெள்ளி, உலகத்திலேயே 500தான் இருக்கிறது என்று சொல்லி 4,500 ரூபாய் கேட்கிறார். 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுத்து வாங்கலாமா?
– வாசகர், பரதராமி

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸோடு நில்லுங்கள். கையில் இருப்பது என்ன என்று முதலில் பார்ப்போம்.

பெயரில்தான் காயின். இதைக் கொடுத்து ஒரு டீ கூட வாங்க முடியாது. அரசு அச்சடித்த பணமும் இல்லை, பதக்கமும் இல்லை. ஒரு படைப்பிரிவு தன் சின்னத்தைப் போட்டு, தன் செலவில் அடித்துக்கொள்ளும் வில்லை, அவ்வளவுதான். நல்ல வேலை செய்த சிப்பாய்க்கு அதிகாரி கை கொடுக்கும்போது உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். விழா, மேடை எதுவும் கிடையாது. கை பிரியும்போது காசு சிப்பாய் கையில் இருக்கும்.

முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பிய ஒரு அமெரிக்க விமானி பிரெஞ்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தாராம். ஒற்றன் என்று சுடப் போனவர்கள், கழுத்தில் தொங்கிய வெண்கல வில்லையில் படைச் சின்னத்தைப் பார்த்து விட்டுவிட்டார்களாம். உங்கள் கடைக்காரரும் இதைச் சொல்லியிருப்பார். நல்ல கதை, ஆதாரம்தான் கிடையாது. 1960களில் ஜெர்மனியில் இருந்த அமெரிக்கச் சிறப்புப் படையினரிடம்தான் இது வழக்கமாக வேரூன்றியது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெயருக்குக் காரணம் அவர்களுடைய விளையாட்டு. ஒருவர் தன் காசை மேசையில் தட்டுவார். மற்றவர்களும் உடனே எடுத்துக் காட்ட வேண்டும். இல்லாதவர் எல்லாருக்கும் பானம் வாங்கித் தர வேண்டும். எல்லாரிடமும் இருந்துவிட்டால் தட்டியவருக்குச் செலவு! சாவிக்கொத்தில் மாட்ட ஓட்டை போட்ட காசு செல்லாது என்று கறாராகச் சொல்பவர்களும் உண்டு.

சரி, விலைக்கு வருவோம். அச்சு ஒருமுறை செய்துவிட்டால் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம். துத்தநாகக் கலவையிலோ பித்தளையிலோ அடித்து, மேலே முலாம் பூசி, பள்ளங்களில் வண்ணம் ஊற்றுவார்கள். படம் அனுப்பினால் யாருக்கு வேண்டுமானாலும் அடித்துத் தர ஆலைகள் இருக்கின்றன. ‘500தான்’ என்றால் அந்த ஆர்டர் 500 என்று அர்த்தம், அச்சை உடைத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. விளிம்பில் நம்பர் போட்டிருந்தாலும் இதே கதைதான். சாதாரணப் படைப்பிரிவுக் காசுகள் அமெரிக்காவிலேயே ஐந்து, பத்து, இருபது டாலருக்குச் சாதாரணமாகக் கைமாறுகின்றன.

வெள்ளியா என்று கண்டுபிடிக்க உரைகல் வேண்டாம், எடைத் தராசு போதும். நீங்கள் சொன்ன அளவில் ஒரு வட்டத் தகடு வெள்ளியானால் ஏறக்குறைய 40 கிராம் இருக்கும். பித்தளை 32, துத்தநாகக் கலவை 25. மேடு பள்ளத்துக்காகக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், ஆனால் 25 ஒருநாளும் 40 ஆகாது. காந்தத்தை நம்பாதீர்கள். வெள்ளியும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது. நான் அப்படித்தான் ஏமாந்தேன். பல வருடம் முன்பு ஒரு கடையில் காந்தம் வைத்துக் காட்டி விற்ற ‘வெள்ளி’ வில்லை, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் விளிம்பில் மஞ்சள் பல் காட்டியது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, செலவே இல்லாதது. பில்லில் ‘வெள்ளி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். எழுதிக் கொடுத்து, பிறகு பொய் என்று தெரிந்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான் உங்கள் வழக்கு.

அப்போ எந்தக் காசுக்குத்தான் விலை? யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்குக் கடிதமோ போட்டோவோ சேர்ந்து வந்தால் விலை ஏறும். முன்னாள் அமெரிக்க அதிபர் கிளின்டனின் அதிகாரபூர்வ ஓவியத்தில், அவர் பின்னால் இந்தக் காசுகள் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அவை அவர் கைக்குப் படையினர் கொடுத்தவை. 2018இல் அமெரிக்க அதிபர் ட்ரம்ப், வட கொரியத் தலைவர் கிம் சந்திப்புக்காக வெள்ளை மாளிகையின் தகவல் தொடர்புப் பிரிவு ஒரு காசு அடித்தது. வெள்ளை மாளிகைப் பெயரை வைத்திருந்த ஒரு தனியார் கடையும் அதே சந்திப்புக்கு வேறொரு காசு விற்றது. இரண்டும் ஒன்றென்று குழம்பியவர்கள் உண்டு. கதை மட்டும் வந்து காகிதம் வராவிட்டால் உலோகத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். காசில் இருக்கும் படம் உங்களுக்குப் பிடித்துப்போனது என்றால் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

கேள்வி: அப்பா மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் தவறிவிட்டார். டிரங்குப் பெட்டியில் யானைச் சின்னம் போட்ட காயின் ஒன்றும் இரண்டு மெடலும் இருந்தன. மூன்றுக்கும் சேர்த்து 1,500 தருகிறேன் என்கிறார் ஒருவர். காயின் கறுத்திருக்கிறது, தேய்த்துவிட்டுக் கேட்டால் கூடக் கிடைக்குமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, முதலில் அந்தப் புளியைக் கீழே வையுங்கள். புளி, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். தேய்த்தால் முலாமும் வண்ணமும் சேர்ந்து போய்விடும். சேகரிப்பவர்களுக்குத் தேய்த்த காசைக் கண்டாலே பிடிக்காது. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த காகித உறையில் வையுங்கள். வழவழ பிளாஸ்டிக் கவரில் வைத்தால் நாளாக ஆகப் பச்சைப் பசை பிடிக்கும்.

அந்த யானை சும்மா அழகுக்குப் போட்டதில்லை. 1803இல் நடந்த அசாயே போரின் நினைவாக வந்த சின்னம். நீலகிரி வெல்லிங்டனில் இருக்கும் ரெஜிமென்ட் மையத்தைச் சுற்றிய ஆட்களுக்கு அதைப் பார்த்தாலே தெரியும். பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த கம்மவான்பேட்டைப் பக்கம் போனால் இந்த மாதிரி டிரங்குப் பெட்டி இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும்.

மெடலின் விளிம்பை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நம்பரும் பெயரும் பொறித்திருந்தால் அது உங்கள் அப்பாவுடையது என்பதற்கு அதுவே சாட்சி. வாங்க வந்தவர் காயினைக் காட்டி மெடலுக்கு வலை வீசுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பணமுடை இல்லையென்றால் விற்காதீர்கள். காயினை அப்பா யாரிடம், எந்த ஊரில், எதற்காக வாங்கினார் என்று அவரோடு இருந்தவர்கள் யாராவது சொன்னால், தேதி போட்டு ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். பேரப்பிள்ளைகள் கையில் காயின் இருக்கும், கேட்க ஆள் இருக்காது.

கேள்வி: குப்பத்தில் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குக் காயின் அடிக்கப் போகிறோம். நான்முகச் சிங்கம் போடலாமா?
– செயலாளர், குப்பம்

பதில்: கூடாது. தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சங்கத்தின் பெயரும் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஏதாவது ஒரு படமும் போதும். ரெஜிமென்ட் சின்னம் வேண்டுமானால் அந்த மையத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு அடியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு ‘ஒரிஜினல்’ காயின் வாங்கினேன். வந்தது தகர வில்லை. விற்றவர் டெல்லி, நான் பலமநேர், டெலிவரி எடுத்தது குடியாத்தத்தில் மாமா வீட்டில். எந்த மாநிலத்தில் புகார் கொடுப்பது?
– வாசகர், பலமநேர்

பதில்: டெல்லிக்கு ஓட வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்கு அது ஆந்திரப் பக்கம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள், பாதி விவகாரம் அங்கேயே முடிந்துவிடலாம். விற்பனைப் பக்கத்தில் ‘ஒரிஜினல்’ என்று போட்டிருந்ததை, அவர்கள் மாற்றுவதற்குள் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பார்சல் உறையை மாமா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டாரா என்றும் கேளுங்கள். அனுப்பியவர் முகவரி அதில்தான் இருக்கிறது.