வாசகர் கேள்வி: ‘கைஸ்’ என்றால் யார்?

கேள்வி: பெண்கள் இருக்கும் குழுவையும் ‘ஹாய் கைஸ்’ என்கிறார்களே, சரியா? அலுவலக மெயிலில் எழுதலாமா?

பதில்: கூப்பிடும்போது சரி. ‘யூ கைஸ்’ என்றால் ‘நீங்க எல்லாரும்’. ஆண், பெண் பேதமில்லை. ஆனால் அதே சொல்லை யாரைப் பற்றியாவது பேசும்போது போட்டால் பொருள் மாறிவிடும். ‘ஐ மெட் சம் கைஸ்’ என்றால் கேட்பவர் ஆண்கள் என்றே எடுத்துக்கொள்வார். ஒருமையில் சந்தேகமே வேண்டாம்: ‘எ கை’ ஆண்தான்.

மெயிலில், பழகிய சகாக்களுக்கு எழுதலாம். மேலதிகாரி, வாடிக்கையாளர் என்றால் ‘ஹலோ எவ்ரிஒன்’ போதும். பெண்கள் மட்டுமே உள்ள குழுவில் சிலருக்கு ‘கைஸ்’ உறுத்தும். அங்கேயும் தவிர்ப்பது நல்லது. ‘யூ கைஸஸ்’ என்று உடைமைப் பொருளில் பேச்சில் கேட்கலாம்; எழுத்தில் ‘யுவர்’ மட்டுமே.

கேள்வி: ‘வைஸ் கை’ பாராட்டா?

பதில்: இல்லவே இல்லை! அதிகப்பிரசங்கி என்று அர்த்தம். அமெரிக்கக் கொச்சையில் மாஃபியா ஆளையும் குறிக்கும். ‘ஃபால் கை’ பிறர் செய்த தப்புக்குப் பழி சுமப்பவன்.

கேள்வி: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: 1605-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற சதியில் சிக்கிய கை ஃபாக்ஸிடமிருந்து. ஆண்டுதோறும் நவம்பர் 5-இல் எரிக்கும் அவரது கொடும்பாவிக்கு ‘கை’ என்று பெயர். பிறகு கோமாளித்தனமாக உடுத்தியவனுக்கு ஆகி, 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சாதாரண ஆளுக்கும் வந்துவிட்டது. கூடாரத்தை இழுத்துக் கட்டும் ‘கை ரோப்’ வேறு வேரிலிருந்து வந்தது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.