டச்சுக்காரர்களின் ‘விஸ்குண்டெ’

கேள்வி: ஐரோப்பாவில் பல மொழிக்காரர்கள் கணிதத்துக்கு மாத்தமேட்டிக்ஸ் என்ற கிரேக்க வழிச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் மட்டும் ஏன் ‘விஸ்குண்டெ’ என்கிறார்கள்? யாரோ ஒரு மொழிப்பற்றாளர் வீம்புக்கு உண்டாக்கியதுதானே?

பதில்: வீம்பு என்பதை நான் ஏற்க மாட்டேன். ‘விஸ்’ என்றால் ஐயத்துக்கு இடமில்லாதது, ‘குண்டெ’ என்றால் அறிவு, தேர்ச்சி. ஆக, உறுதியானதைப் பற்றிய அறிவு. இதற்கு வேரான ‘விஸ்கான்ஸ்ட்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் 1548-இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ப்ரூஹ நகரில் பிறந்த கணித அறிஞர், பொறியாளர் சைமன் ஸ்டெவின்.

அவர் யாருக்காக எழுதினார் என்று பாருங்கள். 1585-இல் தசமக் கணக்கைச் சொல்லித்தர ‘டெ தீண்டெ’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார், அதன் தொடக்கமே வானம் பார்ப்பவர்கள், நிலம் அளப்பவர்கள், கம்பளம் அளப்பவர்கள், ஒயின் அளப்பவர்கள், நாணயச்சாலைக்காரர்கள், வணிகர்கள் என்று வரிசையாகப் பேர் சொல்லி வாழ்த்துவதுதான். பீப்பாயில் கோலை விட்டு ஒயின் அளக்கிறவரிடம் போய், அன்றைய அறிஞர்களின் மொழியான லத்தீனில் பேசி என்ன பயன்? அதனால்தான் முக்கோணத்துக்கு ‘மூன்று மூலை’ என்று பொருள்படும் ‘ட்ரீஹூக்’, இணைகோடுகளுக்கு ‘சம அகலமான’ என்று பொருள்படும் ‘ஏவன்வைதெஹ்’ என்றெல்லாம் எழுதினார், இன்றும் அங்கே பள்ளிப் பிள்ளைகள் சொல்வது இவற்றைத்தான்.

அறிவியலுக்கு டச்சைப் போல் பொருத்தமான மொழியே இல்லை என்றும் அவர் வாதாடினார். சின்னச் சின்னச் சொற்களை ஒட்டிப் புதுச்சொல் செய்யலாம் என்பது அவர் கட்சி. அது எனக்குப் பலமான வாதமாகப் படவில்லை, அதைப் பல மொழிகளும் செய்யும். பலமானது அவர் செய்த வேலை. 1600-இல் டச்சுப் படைத்தலைவரான இளவரசர் மவுரிட்ஸ் விருப்பப்படி லைடன் பல்கலைக்கழகத்தில் நில அளவையும் கோட்டை கட்டும் கணக்கும் டச்சிலேயே சொல்லித்தரும் வகுப்பு தொடங்கியது, பாடத்திட்டம் ஸ்டெவினுடையது. அங்கே பாடம் நடத்திய லூடால்ஃப் ஃபன் கோய்லனுக்கு லத்தீன் தெரியாது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான ‘பை’ (π) என்ற எண்ணின் மதிப்பை 35 தசம இடம் வரை கணக்கிட்டவர் அவர்தான். லத்தீன் இல்லாமல் கணிதம் நகராது என்று இன்னும் யாராவது சொன்னால் இவரைக் காட்டுங்கள்.

அப்புறம் ‘விஸ்கான்ஸ்ட்’டில் இருந்த, கலை, திறன் என்று பொருள்படும் ‘கான்ஸ்ட்’ எப்படிக் ‘குண்டெ’ ஆனது? அந்தச் சொல் நாளடைவில் ஓவியம், சிற்பம் என்று கலைப் பக்கமாக ஒதுங்கிவிட, அறிவைக் குறிக்கும் ‘குண்டெ’ அந்த இடத்துக்கு வந்தது. இயற்பியலுக்கு ‘நட்யூர்குண்டெ’, வேதியியலுக்குப் பிரித்தறிதல் என்ற பொருளில் ‘ஸ்ஹெய்குண்டெ’ என்று மற்ற பாடங்களுக்கும் அங்கே அந்த வால்தான்.