மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் எப்படிப் பரவுகிறது? கழுத்துக்கு வந்த பிறகும் குணமாகுமா?

தம் மாமாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியதாகவும், சதைப் பரிசோதனையில் நாசோஃபாரின்ஜியல் கார்சினோமா, அதாவது மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் என்று தெரியவந்ததாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா, கழுத்துவரை வந்த பின் சிகிச்சையால் பயனுண்டா, கட்டியை வெட்டி எடுக்காமல் ஏன் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கச் சொல்கிறார்கள் என்பவை அவருடைய ஐயங்கள். நான் மருத்துவன் அல்லன். ஏற்காட்டிலுள்ள என் பெரியப்பாவுக்கு இதே நோய் வந்தபோது, சிகிச்சை முடியும்வரை உடனிருந்தவன்.

முதல் கேள்விக்கு விடை எளிது: ஒட்டாது. இந்நோயோடு தொடர்புடைய எப்ஸ்டீன்-பார் வைரஸ் எச்சில் வழியாகப் பரவக்கூடியதுதான். ஆனால், உலகில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடலில் அது ஏற்கெனவே குடியிருக்கிறது. அவர்களில் மிக மிகச் சிலருக்கே இப்புற்றுநோய் வருகிறது. எனவே, மாமாவின் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்து அவர் மனத்தை நோகடிக்க வேண்டாம். தென்சீனம், ஹாங்காங், தென்கிழக்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் இது அதிகம். இந்தியாவில் நாகாலாந்து, மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் காணப்படுகிறது. நம் பக்கம் அரிது. கருவாட்டால் வந்ததா என்று எங்கள் வீட்டிலும் ஒரு விவாதம் நடந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருப்பது சீன முறையில் உப்பிட்ட மீனை மட்டுமே. மற்ற உப்பு மீன்களைப் பற்றி முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்று விட்டிருக்கிறது. ஆகவே, சந்தையில் வாங்கிய கருவாட்டின் மீது பழி போடுவதில் பொருளில்லை.

நோய் எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்தால் மற்றவை தாமே விளங்கும். மூக்கின் இரு துவாரங்களும் பின்னால் சென்று முடியும் இடத்தில், உள்நாக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்துக்குக் கீழே ஒரு சிறிய அறை இருக்கிறது. நடுச்செவியிலிருந்து வரும் ஊஸ்டேகியன் குழாய் அதன் பக்கச் சுவரில் திறக்கிறது. அந்தத் திறப்புக்குப் பின்னாலுள்ள சிறு குழியில்தான் கட்டி பெரும்பாலும் முளைக்கிறது. குழாயை அது அழுத்தும்போது காது அடைக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிற எவருக்கும் காது அடைப்பதும், எச்சிலை விழுங்கினால் விட்டுவிடுவதும் எங்கள் ஊரில் வாடிக்கை என்பதால், பெரியப்பாவின் வலது காது அடைப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. சேலத்தில் கடைவீதியில் நிற்கும்போதும் அது விடவில்லை என்று அவர் சொன்ன பிறகும், ஒரு மருத்துவர் காதைக் கழுவிச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு பக்கக் காதில் மட்டும் வாரக்கணக்கில் அடைப்போ நீரோ இருந்தால், மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு அந்த அறையைப் பார்த்தே ஆக வேண்டும். காலையில் காறித் துப்பும் சளியில் இரத்தக் கோடு தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அங்கிருந்து கட்டி முன்னே மூக்கினுள்ளும், பக்கவாட்டில் தொண்டையை அடுத்த திசுக்களினுள்ளும் வளரும். மேலே சென்றால், நரம்புகள் வெளிவரும் மண்டையோட்டுத் துளைகளின் வழியே உட்புகும்; ஆறாவது நரம்பு பாதிக்கப்பட்டால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், ஐந்தாவது பாதிக்கப்பட்டால் கன்னம் மரத்துப்போகும். இவற்றைவிட முந்திக்கொள்வது நிணநீர் வழிதான். அந்த அறையில் நிணநீர் நாளங்கள் அடர்ந்திருப்பதால், நோய் முதலில் தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் (இவை வீங்குவதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம்), பிறகு தாடைக் கோணத்துக்குக் கீழும் பிடரியோரத்திலும் உள்ள கணுக்களுக்கும் இறங்குகிறது. பல சமயம் இரு பக்கமும் இறங்கும். நோயாளிகளில் பெரும்பாலோர் கழுத்து நெறியோடுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். ஆகையால், கழுத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு முற்றிவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்குச் சென்றிருக்கிறதா என்பதே சிகிச்சையின் நோக்கத்தை மாற்றும் கேள்வி, அதற்காகத்தான் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும், உடல் முழுவதும் நோய் இருக்குமிடங்களைத் தேடும் பெட் ஸ்கேன் கேட்கிறார்கள்.

வெட்டி எடுக்காததற்குக் காரணம் இடநெருக்கடி. மூளைக்குச் செல்லும் பெரிய தமனியும் நரம்புகளும் ஒட்டியிருக்கும் இடத்தில், கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையையும் சேர்த்து அறுத்தெடுக்க இயலாது. அதே வேளையில், இவ்வகைப் புற்று கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். பொதுவாக 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை 33 முதல் 35 தவணைகளாகப் பிரித்து, வாரத்துக்கு 5 நாளாக ஏறத்தாழ 7 வாரம் கொடுக்கிறார்கள். ஐ.எம்.ஆர்.டி. என்னும் முறையில் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் மூளைத்தண்டையும் இயன்றவரை விலக்கிக் கதிரைச் செலுத்த முடிகிறது. முதல் நிலைக்குக் கதிர்வீச்சு மட்டுமே போதும். கழுத்துக் கணுக்களில் பரவியிருந்தால் சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்து சேர்க்கப்படுகிறது. 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதத்தினரும், கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் 78 சதவீதத்தினரும் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடிருந்தனர். கட்டி பெரிதாக இருந்தாலோ கணுக்கள் அதிகமாக இருந்தாலோ, கதிர்வீச்சுக்கு முன்பே ஜெம்சிட்டபின் என்னும் மற்றொரு கீமோ மருந்தையும் சிஸ்பிளாட்டினையும் மூன்று சுற்று கொடுப்பது 2019-இல் வந்த சீன ஆய்வுக்குப் பின் வழக்கமாகியிருக்கிறது.

மருத்துவம் ஒருபுறமிருக்க, உடனிருப்பவரைச் சோதிப்பது சாப்பாடுதான். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுத்து, ஒவ்வொரு நாளும் அதை மாட்டி மேசையோடு பூட்டிவிட்டுத்தான் கதிர் செலுத்துவார்கள். வெளியே வரும்போது பெரியப்பாவின் நெற்றியில் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். அதை அவர் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் வாரத்துக்கு மேல் வாயெல்லாம் புண்ணாகி, ருசி போய், ஆறிய ராகிக் கூழைக்கூட விழுங்க முடியாமற்போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூக்கு வழியே உணவுக்குழாய் போடச் சொன்னால் கௌரவம் பார்த்து மறுக்க வேண்டாம் என்று மாமாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். எடை குறைந்தால் முகமூடி தளர்ந்துபோகும், தவணைகள் தடைப்பட்டால் பலனும் குறையும். தினமும் மலையிறங்கி ஏறுவது நடவாது என்பதால் நாங்கள் சேலத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினோம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பற்களைத் தொடக்கத்திலேயே காட்டி, சொத்தையானவற்றைக் கதிர்வீச்சுக்கு முன் பிடுங்கி, புண் ஆறவிடுங்கள். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் கேட்கும் திறனை முன்னதாகவே சோதித்து வையுங்கள். முடிந்த பிறகு வாய் திறக்கும் பயிற்சியை விடக் கூடாது. தைராய்டை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு கழிந்தாலும், ஒரு பல்லைப் பிடுங்கும் முன் தாடையில் கதிர்வீச்சு பெற்றிருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இல்லையேல் தாடையெலும்பு ஆறாமல் அழுகிவிடக்கூடும்.