டாக்டரைக் கேளுங்கள்: கூடிய ஹார்மோன் குற்றவாளியா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பல வருடங்களாகச் சர்க்கரை நோய். சிறுநீரில் புரதம் போவதாக இப்போது சொல்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் ரத்தக்குழாய் பாதிப்பில் ‘அட்ரினோமெடுலின்’ என்ற ஹார்மோன் கூடியிருக்கும் என்று படித்தேன். ரத்தக்குழாயை விரிக்கும் ஹார்மோன்தானே அது? கூடினால் கெடுதலா? பரிசோதிக்க வேண்டுமா?
- வாசகி, தேனி

பதில்: அம்மா, தேர்த் திருவிழாவில் கூட்டம் கூடக் கூடப் போலீஸும் கூடும். கூட்டத்தைச் சேர்த்ததே போலீஸ்தான் என்று சொல்வோமா?

1993-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அட்ரினல் சுரப்பியில் வந்த ஒரு கட்டியிலிருந்து இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். 52 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம். ரத்தக்குழாயின் உள்சுவரே இதைச் சுரக்கிறது. நைட்ரிக் ஆக்சைடைத் தூண்டிக் குழாயைத் தளர்த்தும். சுவரில் செல்களுக்கு இடையே கசிவு வராமலும் பார்த்துக்கொள்ளும். சர்க்கரை ஏறி அந்தச் சுவர் அடிபடும்போது சுரப்பு கூடுகிறது. சிறுநீரகமும் விழித்திரையும் பாதித்தவர்களுக்கு அளவு அதிகமாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான். காக்க வந்தது அது, தாக்க வந்ததல்ல.

கண் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. புது ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கும் குணமும் இதற்கு இருக்கிறது. முற்றிய விழித்திரை நோயில் அப்படி முளைப்பவை மெலிந்தவை. உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். அங்கே இது நண்பனா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பரிசோதனை வேண்டாம். ரத்தத்தில் இது அரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஆய்வாளர்களே பெரும்பாலும் இதனோடு உருவாகும் வேறொரு துண்டைத்தான் அளக்கிறார்கள். எண் தெரிந்தாலும் அதை வைத்து மாற்ற மாத்திரை எதுவும் இல்லை. அந்தப் பணத்துக்குச் சிறுநீரில் எவ்வளவு புரதம் போகிறது என்று காட்டும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். 30-க்குக் (mg/g) கீழே இருந்தால் நல்லது. கூடியிருந்தால் ஒரே ரிப்போர்ட்டை நம்பாமல், சில மாதங்களுக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் ஏறிக் காட்டும். உறுதியானால், ரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும் சேர்த்துக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. வருடம் ஒரு முறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் மூட்டுவலிக்குக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடுபவர் என்றால், அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்பதால், முதலில் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.