பிலிப்பைன்ஸ் சுயாதீனப் படமான 'லோலா' பார்க்கத் தகுந்ததா? அதன் நிறை, குறை என்ன?

தாராளமாகப் பார்க்கலாம். பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

'லோலா' என்றால் தகலோக் மொழியில் பாட்டி. பிரிலான்டே மென்டோசா 2009இல் எடுத்த படம். அதே வருடம் மே மாதம் 'கினாதாய்' படத்துக்காக கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியவர், செப்டம்பரில் இதோடு வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிக்குப் போய்விட்டார். 'கினாதாய்' பார்த்து வயிறு கலங்கியவர்கள் பயப்பட வேண்டாம், இதில் அந்தக் கொடூரம் கிடையாது.

ஒரு செல்போனுக்காக ஒரு பையன் கொல்லப்படுகிறான். அவனை அடக்கம் செய்யக் காசு தேடி அலைகிறார் அவன் பாட்டி செபா. கொன்றதாகப் பிடிபட்டவனின் பாட்டி பூரிங், தெருவில் காய்கறி விற்பவர். பேரனை வெளியே எடுக்க அவரும் காசுக்கு அலைகிறார். கடன், அடகு, கோர்ட், மழை. கதை அவ்வளவுதான்.

முதல் காட்சியிலேயே படம் என்னைப் பிடித்துவிட்டது. கொலை நடந்த இடத்தில் செபா மெழுகுவத்தி ஏற்றப் பார்க்கிறார். காற்று விட்டால்தானே! குடையைச் சாய்க்கிறார், கையால் மறைக்கிறார், மறுபடியும் மறுபடியும் முயல்கிறார். வேறு இயக்குநர் யாராக இருந்தாலும் இந்தக் காட்சியைப் பத்து நொடியில் வெட்டியிருப்பார்கள். செபாவாக வரும் அனிதா லிண்டாவுக்கு அப்போது எண்பதுக்கு மேல் வயது. பூரிங்காக வரும் ருஸ்திகா கார்பியோ எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இருவருடைய நடையே பாதி நடிப்பு.

கதை நடக்கும், மணிலா பெருநகரின் மாலபோன் பகுதியின் வெள்ளக்காடும் அப்படித்தான், இயல்பாக வந்துபோகிறது. வாசல் வரை தண்ணீர், சவப்பெட்டியே படகில்தான் போகிறது. ஆனால் யாரும் அதைப் பார்த்து அதிசயப்படுவதில்லை, அவர்களுக்கு அது தினசரி.

மென்டோசா வறுமையைத் திரைவிழாக்களுக்கு விற்கிறார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. இந்தப் படத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்பேன். பூரிங் ஒன்றும் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை. வாடிக்கையாளரிடம் சில்லறையைக் குறைத்துக் கொடுக்கப் பார்க்கிற ஆள்தான். பரிதாபப்படு என்று படம் நம்மைக் கெஞ்சுவதில்லை.

சரி, குறைகள். கேமரா கையிலேயே ஆடிக்கொண்டு பின்னால் ஓடுகிறது. நடுப்பகுதியில் எனக்குத் தலையே வலித்தது. காற்றும் மழையும் முதலில் அழகு, பத்தாவது தடவை 'புரிந்துவிட்டது ஐயா' என்று சொல்லத் தோன்றுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, செத்தவனும் சரி, சிறையில் இருப்பவனும் சரி, எப்படிப்பட்ட பையன்கள் என்றே தெரியவில்லை. பாட்டிகளின் பாசத்தை நாம் நம்புகிறோம், ஆனால் அந்தப் பாசம் யார் மேல் என்பது மங்கலாகவே நிற்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு வழக்கை விட்டுக்கொடுப்பது பற்றிப் பேச இரண்டு பாட்டிகளும் சந்திக்கும் இடம்தான் படத்தின் உச்சம். உட்கார்ந்ததும் மூட்டு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பாதியில் தூங்கிப்போன என் அம்மா அந்த இடத்தில் விழித்துக்கொண்டு, "இவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார்.