கேள்வி நேரம்: கான்டெஸா மேல் ஆசையா?

பழைய கார்களைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் என்ஜின் மாற்றிய கான்டெஸாவே (இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கார்) முன்னால் நிற்கிறது. நீண்ட மூக்கு, பின்சக்கர இழுப்பு என்று நம் ஊரில் 'மஸில் கார்' என்ற பெயருக்குப் பொருந்தி வந்தது அது ஒன்றுதான்.

1993 கான்டெஸா ஒன்று விலைக்கு வருகிறது. ஆறு சிலிண்டர் டொயோட்டா 1ஜேஇசட் டர்போ என்ஜின் ஏற்றியிருக்கிறார்கள். ஆர்.சி.யில் பழைய 1.8 பெட்ரோல்தான் இருக்கிறது. 'பிறகு மாத்திக்கலாம் சார்' என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

அவ்வளவு சுலபமாக மாற்ற முடிந்திருந்தால் அவரே மாற்றிவிட்டு இன்னும் இரண்டு லட்சம் கூட்டிச் சொல்லியிருப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தை விடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். விபத்து நடந்தால் சர்வேயர் முதலில் பார்ப்பது என்ஜின் நம்பரைத்தான். அது பொருந்தாவிட்டால் உங்கள் வண்டிக்கான இழப்பீடு நின்றுபோகலாம். எதிராளிக்குக் கொடுத்த தொகையையும் உங்களிடமே வசூலிக்கக் கேட்கலாம். தவிர, 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் பானெட்டைத் திறந்தால் நாலு சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருக்கும்.

பார்க்கப் போகும்போது மெல்லிய தாளும் பென்சிலும் கொண்டு போங்கள். சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம்பரைச் சுற்றி வெல்டிங் தழும்போ புது பெயின்டோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். என்ஜினுக்கு இறக்குமதி பில் கேளுங்கள். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பதிவுக் காலமும் கடன் பாக்கியும் தெரியும். என்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் மட்டும் பேரம் பேசுங்கள். எங்களைக் கேட்டால், பழைய இசுசு 1.8 என்ஜினோடு ஒழுங்காக வைத்திருக்கும் கான்டெஸாவே இங்கே ஓட்டச் சுகம்.

காகிதம் எல்லாம் சரியாக உள்ள வண்டி. ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (மன்னார்குடி வாசகர்)

வேகத்தை அல்ல, பிரேக்கை. இசுசு என்ஜின் கொடுத்தது 88 குதிரைத்திறன். அதைப்போல மூன்று மடங்கு ஏற்றிவிட்டுப் பழைய பிரேக்கையே விட்டிருப்பார்கள். 60இல் போகும் வண்டியை நிறுத்துவதோடு ஒப்பிட்டால், 100இல் போவதை நிறுத்த பிரேக் ஏறத்தாழ 2.8 மடங்கு சூட்டை விழுங்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 60லிருந்து அடுத்தடுத்து ஆறு முறை அழுத்தி நிறுத்துங்கள். ஐந்தாவது ஆறாவது முறையில் பெடல் கீழே போனாலோ கருகல் வாடை வந்தாலோ அந்தப் பிரேக் அந்த என்ஜினுக்குப் போதாது.

இன்னொன்று: என்ஜினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும். கல் மாதிரி நின்றால், பிரேக் மிதிக்கக் கைகொடுக்கும் பூஸ்டருக்கு என்ஜினிலிருந்து வேக்குவம் (உறிஞ்சு விசை) வரவில்லை.

60, 70இல் தரை அதிர்ந்து, கிளட்ச் மிதித்தும் அதிர்வு நிற்காவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் டிஃபரன்ஷியலுக்குப் போகும் சுழல்தண்டு) சந்தேகியுங்கள். புது கியர்பாக்ஸை லேத்தில் கடைந்த மவுன்ட்டில் உட்கார வைக்கும்போது கோணம் தவறிவிடும். கியர்பாக்ஸின் பின்முனையும் டிஃபரன்ஷியலின் முன்முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டான கிராஸ் ஒவ்வொன்றிலும் மடிப்பு 1 முதல் 3 டிகிரிக்குள் அடங்க வேண்டும். செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியே போதும். சும்மா பேலன்ஸிங் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் பட்டறையில் பணம் கொடுக்காதீர்கள்.

கடற்கரையில் இருந்த வண்டி. பெயின்ட் புதிதாக மின்னுகிறது. துருவை எப்படிக் கண்டுபிடிப்பது? (வேதாரண்யம் வாசகர்)

ஃபிரிட்ஜ் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டு போங்கள். கதவின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழுள்ள சில், சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி: காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் பட்டி. பிறகு தரை விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்னும், செத்த தகடு 'தொப்' என்னும். கான்டெஸாவில் அடியில் தனி இரும்புச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். சில் அரித்துப்போனால் வண்டியின் முதுகே போனது. என்ஜின் மவுன்ட் வெல்டிங் செய்த முன்பக்கத் தகட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மேல்துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ், பாஸ்பாரிக் அமிலத் துரு மாற்றி, எபாக்ஸி பிரைமர் என்ற வரிசையில் போங்கள். கதவுக்குள் தண்ணீர் வடியும் துளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள். அடைத்துக்கொண்ட அந்தத் துளையில்தான் துரு பிறக்கிறது.

ரயில்வே கேட்டில் நின்றால் சூடு ஏறுகிறது. ஓடும்போது சரியாகிவிடுகிறது. ரேடியேட்டர் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (மயிலாடுதுறை வாசகர்)

அவசரப்படாதீர்கள். நிற்கும்போது மட்டும் சூடேறினால் குற்றம் காற்றில், அதாவது ஃபேனில். 80இல் ஓடும்போது ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பையோ தண்ணீர் ஓட்டத்தையோ பார்க்க வேண்டும். ஆறு சிலிண்டர் என்ஜின் நீளம். பழைய ஃபேனுக்கு இடமில்லாமல் ஒல்லி மின்ஃபேன் ஒன்றைக் கட்டிவிட்டிருப்பார்கள். அதைச் சுற்றி ஷ்ரவுட் (ரேடியேட்டர் முழுவதிலும் காற்றை இழுக்க உதவும் மூடி) இருக்கிறதா? இல்லையென்றால் ஃபேன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி மட்டும் குளிரும், மூலைகள் சும்மா கிடக்கும். தகடு வளைத்து ரேடியேட்டர் முழுவதையும் மூடும்படி ஷ்ரவுட் போடுங்கள். ரிலேவுடன் தனி வயர் இழுங்கள். மெல்லிய வயரில் மின்னழுத்தம் இறங்கி ஃபேன் சோம்பல் பிடித்துச் சுற்றும்.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். கீழ் டெல்டா போர் தண்ணீரின் உப்பு, காபி பாத்திரத்தில் படிவதுபோல உள்ளே படியும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஊற்றும்போது முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி, ஹீட்டரைத் திறந்து, மூடியில்லாமல் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து குமிழ் அடங்கும் வரை நிரப்புங்கள்.

இப்போதைய பெட்ரோலில் பழைய கார்புரேட்டர் வண்டி ஓடுமா? (திருவாரூர் வாசகர்)

ஓடும், பழைய ஓஸோடு (பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்) அல்ல. 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். பெட்ரோல் ஓஸ் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்களையும் சேர்த்து. கலவை மெலிந்து தூக்கிப் போட்டால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் எத்தனால் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக அடியில் தங்கும். அப்போது டேங்க் நிரம்பியிருக்கட்டும்.

விண்டேஜ் நம்பர் வாங்கிவிட்டால் மாற்றங்களுக்கு விலக்கு உண்டா? (நாகப்பட்டினம் வாசகர்)

இல்லை. முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும், பெரிய மாற்றமும் இருக்கக் கூடாது. கான்டெஸா வரத் தொடங்கியதே 1984இல்.

வண்டியைத் தாழ்த்தி, பெரிய சைலன்சர் போட்டிருக்கிறேன். அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோல் காய்கிறது. மேலே ஏற்றலாமா? (திருவையாறு வாசகர்)

கூடாது. டர்போவிலிருந்து இறங்கும் குழாய் சாதாரண சைலன்சரை விட மிகச் சூடு. தாழ்த்திய வண்டியில் அது வைக்கோலைத் தொட்டுக்கொண்டே போகும். மீதி ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும். ஓடும்போது தெரியாது. நிறுத்தியதும் காற்றும் நிற்கும், புகை கிளம்பும். குழாய்க்குச் சூட்டுத்துணி சுற்றுங்கள், எண்ணெய்த் தட்டுக்கும் தரைக்கும் 150 மி.மீ. இடைவெளி வையுங்கள், மதகு மேட்டுக்கும் அது வேண்டும். வேறு வழியில்லாமல் ஏறிவிட்டால் தாண்டியதும் நிறுத்தாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, வைக்கோல் இல்லாத இடத்தில் குனிந்து பாருங்கள். இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல. பானெட் இடுக்கில் புகை வந்தால் முழுதாகத் திறக்காதீர்கள். விரல் நுழையும் அளவுக்குத் தூக்கி, அந்த இடுக்கு வழியாகப் பவுடரை அடியுங்கள்.