ஊர்ப் பூங்காவில் சில கிலோமீட்டர் பாதை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: பெரிய இயந்திரம் இல்லாமல், ஸ்னோமொபைலை (ஓரிருவர் உட்கார்ந்து பனி மேல் ஓட்டும் சின்ன வண்டி) மட்டும் வைத்துப் பனிச்சறுக்குப் பாதையைப் பராமரிக்க முடியுமா?

தாராளமாக முடியும். கனடாவில் சின்ன ஊர்களின் சறுக்கு மன்றங்கள் பலவும் ஒரு ஸ்னோமொபைல், அதன் பின்னால் இழுக்க இரண்டு மூன்று கருவிகள், நாலைந்து தன்னார்வலர்கள் என்றுதான் ஓடுகின்றன. ஒட்டாவா பக்கத்தில் அப்படியொரு மன்றத்துக்காகக் குளிர்காலத்தில் நானும் வண்டி ஓட்டுகிறேன். மலைச்சரிவு ரிசார்ட்டுகளின் கதை வேறு. நான் சொல்வது காட்டுக்குள்ளும் ஆற்றோரமாகவும் போகும் கிராஸ் கன்ட்ரி பாதைகளைப் பற்றி.

வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பனியைப் பற்றிக் கொஞ்சம். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும், மற்றதெல்லாம் காற்று. சறுக்குவதற்கு உறுதியான பாதை என்றால் அது 400 கிலோவையாவது தொட வேண்டும். வெறும் எடையை ஏற்றி அழுத்தி அங்கே கொண்டுபோக முடியாது. பனித்துகளின் கூரான கிளைகள் உடைந்து, துகள்கள் நெருக்கமாக அமைந்த பிறகு, அவை தொட்டுக்கொள்ளும் இடங்களில் மெல்ல ஐஸ் வளர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் வெயில் இறங்கி வெப்பம் குறையத் தொடங்கும் மாலையில் வேலையை முடித்துவிட்டு, இரவு முழுக்க யாரும் மிதிக்காமல் விட்டுவிடுகிறோம். காலை எட்டு மணிக்குச் சறுக்க வருபவர்களுக்காக ஏழு மணிக்குப் போய்ப் பாதை போட்டால் அது மாவு மாதிரிதான் கிடக்கும், வண்டி எத்தனை லட்சம் பெறுமானதாக இருந்தாலும்.

சரி, சின்ன வண்டிக்கும் பிஸ்டன்புல்லி, ப்ரினோத் போன்ற பெரிய இயந்திரங்களுக்கும் என்ன வித்தியாசம்? பெரியது டன் கணக்கில் எடை கொண்டது. பின்னால் சுழலும் பற்களால் பழைய பனியைக் கிளறி, அரைத்து, ஒரே ஓட்டத்தில் முழு அகலத்துக்கும் புதுப் பாதை போட்டுவிடும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்ட பாதையைக்கூட மீட்டெடுத்துவிடலாம். ஸ்னோமொபைலிடம் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. முழங்கால் அளவு பனி சேர்ந்த பிறகு போனால் மேல்பகுதி மட்டும் இறுகும், அடியில் சர்க்கரை போல உதிரியாகவே இருக்கும், இரண்டே நாளில் பாதை குழிகுழியாக உள்ளே போய்விடும். எனவே சின்ன வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே விதி: ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் கிளம்ப வேண்டும். கனத்துப் பெய்தால் பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு சுற்று, நின்ற பிறகு இன்னொரு சுற்று. உங்களால் இப்படி ஆள் திரட்ட முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. வண்டி கிடைப்பது சுலபம், செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு அதை ஓட்ட ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

சின்ன வண்டிக்கென்று ஒரு பலமும் உண்டு. சுமார் 300 கிலோ எடை அகலமான ரப்பர் பட்டை மேல் பரவுவதால், ஆள் கால் வைத்தால் இறங்கும் ஆழத்துக்குக்கூட அது இறங்காது. சீசன் தொடக்கத்தில் ஒரு சாண் பனிதான் இருக்கிறது என்றாலும் பாதை போடத் தொடங்கலாம். அந்த நேரத்தில் பெரிய இயந்திரத்தை இறக்கினால் சரளையும் புல்லும் சேர்ந்து மேலே வந்துவிடும். ஜனவரியில்கூட மழை பெய்து பாதி கரைந்துபோகும் இப்போதைய குளிர்காலங்களில் இது சின்ன விஷயமில்லை.

எந்த ஸ்னோமொபைலும் இதற்கு ஆகுமா என்றால், ஆகாது. வேகத்துக்காகச் செய்த வண்டிகளின் பட்டை 15 அங்குல அகலம்தான். ஸ்கீ-டூ ஸ்காண்டிக் போன்ற வேலை வண்டிகளில் 20 அல்லது 24 அங்குலம் இருக்கும், குறைந்த வேகத்துக்கான கியரும் இருக்கும். அதைவிட முக்கியம் எஞ்சின் குளிர்வது. நீரால் குளிரும் பல ஸ்னோமொபைல்களில், பட்டை சுழலும்போது தெறிக்கும் பனி இருக்கைக்குக் கீழே உள்ள குளிர்விப்பான் மேல் பட்டுத்தான் சூடு தணிகிறது. இறுகிய பாதையில் மெதுவாக, பின்னால் பாரம் இழுத்துக்கொண்டு போனால் பனி தெறிக்காது. கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும். விசிறி வைத்த ரேடியேட்டர் உள்ளதையோ, காற்றால் குளிரும் எஞ்சின் உள்ளதையோ தேடுங்கள். டிரைவ் பெல்ட்டும் மெதுவோட்டப் பாரத்தில் சீக்கிரம் தேயும். உபரி பெல்ட் ஒன்று இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

(கியூபெக்கின் வால்கூரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பம்பார்டியே 1937-இல் விற்கத் தொடங்கிய பனி வண்டியில் ஏழு பேர் உட்காரலாம். கிராமச் சாலைகளில் குளிர்காலத்திலும் பனி அகற்ற வேண்டும் என்று 1948-இல் மாகாணம் சட்டம் போட்டதும் அந்தப் பெரிய வண்டிகளின் வியாபாரம் படுத்தது. ஓரிருவர் போகும் ஸ்கீ-டூ 1959-இல் வந்தது. இன்று நம் கருவிகளை இழுப்பது அதன் வாரிசுதான்.)

பின்னால் கட்டி இழுக்கும் கருவிகள்தான் பாதையின் தரத்தைத் தீர்மானிக்கும். முதலில் உருளை. மழைநீர் வடிகாலுக்குப் பதிக்கும் நெளிவு பிளாஸ்டிக் குழாயை வெட்டி, நடுவே அச்சு கோத்துப் பலரும் தாங்களே செய்துகொள்கிறார்கள். புதுப் பனிக்கு அது போதும். அடுத்தது மேடு பள்ளம் நிரவும் இழுவைச் சட்டம். வயலில் பரம்படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மேட்டில் செதுக்கியது பள்ளத்தில் போய் விழும். மழை பெய்து உறைந்து பாதை கண்ணாடி ஆகிவிட்டால் சாய்வான கத்திகள் வரிசையாக உள்ள சட்டம் வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பொத்தானை அழுத்திக் கத்தியின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதாக வாங்குங்கள், இறங்கி ஏறியே நேரம் போய்விடும் இல்லையென்றால்.

கிளாசிக் பாணிக்காரர்களுக்கான (இரண்டு சறுக்குப் பலகைகளையும் இணையான பள்ளங்களில் வைத்து நேராகப் போகிறவர்கள்) இரட்டைத் தடம் எல்லாவற்றுக்கும் கடைசி. போட்டி விதிப்படி ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை 17 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி, ஆழம் 2 முதல் 5 சென்டிமீட்டர். அடித்தளம் இறுகாமல் தடம் வெட்டினால் முதல் ஆள் ஊன்றிய கோலிலேயே ஓரம் சரிந்துவிடும். தடம் போடும்போது மெதுவாக ஓட்டினால் நேராக வரும்.

ஓட்டும்போது இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று ஏற்றம்: கருவி பனியைக் கடித்தபடி ஏறினால் பட்டை ஓரிடத்திலேயே சுழன்று, நீங்கள் போட்ட பாதையிலேயே அகழி தோண்டும். கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறி, இறங்கும்போது வேலை செய்யுங்கள். இன்னொன்று திருப்பம்: கருவி கட்டியபின் ரிவர்ஸ் எடுத்தால் அது மடங்கி வண்டியிலேயே முட்டும். முட்டுச்சந்து உள்ள பாதையென்றால் கோடைக்காலத்திலேயே கடைசியில் ஒரு வட்டம் போக இடம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி கட்டாயம்.

ஸ்னோமொபைல்கூட நுழையாத ஒற்றையடி ஃபேட் பைக் (தடித்த டயர் சைக்கிள்) பாதைக்கு ஸ்னோடாக் என்று ஒன்று கிடைக்கிறது. எஞ்சினும் பட்டையும் மட்டும் உள்ள பெட்டி, ஓட்டுபவர் பின்னால் சறுக்கு வண்டியில் நின்றபடி கைப்பிடியால் திருப்ப வேண்டும். மரங்களுக்கு நடுவே நெளிந்து போக அதற்கு நிகரில்லை. இந்தப் பாதைகளில் டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் பதிந்தால் ஓட்டாதீர்கள் என்று பலகை வைப்பது வழக்கம், நீங்களும் வையுங்கள்.

உங்களுடையது ஊர்ப் பூங்காவின் சில கிலோமீட்டர் பாதை என்று எழுதியிருந்தீர்கள். முதல் வருடம் பழைய வேலை வண்டி ஒன்று, வீட்டில் செய்த உருளை, ஓர் இழுவைச் சட்டம், இவை போதும். தடம் வெட்டும் கருவியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். நாயோடு நடக்க வருபவர்களுக்குப் பாதையின் ஒரு ஓரத்தை முதல் நாளே ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில்தான் நடப்பார்கள்.